வாய் முந்திய மனிதர்

கிரேன் அண்ணனைப் போல நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. அவரைப் போல அவசரக்குடுக்கையையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஆள்தான், என்ன செய்ய!

கட்டட வேலையில் நான் கீழே நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்பவன். அவர் கிரேன் உச்சியில், ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய கூண்டில். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். "இறக்குங்கண்ணே" என்று நான் சொல்லாமல் பதினோரு வருடத்தில் ஒரு கம்பியை அசைத்ததில்லை. வீட்டில் வழி சொல்ல யார் இருந்தார்கள்? மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். மனதில் ஒன்று தோன்றினால் மறுநொடி அது வாயில் இருக்கும். ஏழு வருடத்துக்கு முன் மகள், தான் விரும்பியவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். "அப்ப எனக்கு மகளே இல்ல, போ" என்றார். அவள் போய்விட்டாள்.

"நல்ல பையன்டா அவன். ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்பார்.

அப்புறம் அவருக்குப் பேச்சுத்துணை நான் ஒருவன்தான், அதுவும் வாக்கி டாக்கியில். மதியம் மேலே தனியாகச் சாப்பிட்டபடி, "கீழ என்னடா நடக்குது?" என்று கேட்பார். பாவமாக இருக்கும். எரிச்சலும் வரும். மகளுக்கு ஒரு போன் போட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டால், "யோசிச்சுப் பேசணும்டா" என்பார். யோசிக்க வேண்டிய நேரத்தில் கோட்டை விட்டுவிட்டு ஏழு வருடமாக யோசனை!

போன மாதம் ஒரு காலை, காவலாளி ஓடிவந்தார். மகள் வாசலில் வந்து நிற்கிறாளாம், இடுப்பில் குழந்தையோடு. உடனே மேலே சொன்னேன். கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி தொங்கியது. அதை வாங்கிக்கொள்ள ஐந்தாவது மாடியில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

"அண்ணே, கம்பிய இறக்கிட்டு வாங்க. அவசரப்படாதீங்க."

"சரிடா. அவள இருக்கச் சொல்லு."

காற்று வேறு. அங்குலம் அங்குலமாக இறக்கினார். பிறகு அத்தனை ஏணிப்படிகள். மூச்சு வாங்க அவர் வாசலுக்கு வந்தபோது, காவலாளி அவளுக்குப் போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காந்தா, எழுந்தா, மறுபடி உக்காந்தா," என்றார் காவலாளி. "பஸ் வந்துச்சு. சட்டுனு ஏறிட்டா. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"எவ்வளவு நேரம் இருந்தா?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"அவ்வளவு நேரமா?" அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நானா இருந்தா ரெண்டு நிமிஷம்கூட உக்காந்திருக்க மாட்டேன்டா."