காற்றைத் துரத்தும் நஜிய்யா

பையிலிருந்து முதலில் தேநீர்க் கிளாசைத்தான் எடுப்பாள் நஜிய்யா. ஸ்பானரெல்லாம் பிறகுதான். பழந்துணியில் சுற்றிய சின்னக் கண்ணாடிக் கிளாஸ் அது. அதில் யாரும் தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. பம்பு செட்டு எஞ்சினின் பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, வழிகிற டீசலை அதில் பிடித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். டீசலோடு காற்று கலந்தால் எஞ்சின் பிடிக்காது; கடுகளவு குமிழி தெரிந்தாலும் உதடு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். மறுபடி பில்டருக்கு டீசல் ஏற்றும் சின்னக் கைப்பம்பின் நெம்பை அடிப்பாள்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். கறுப்பு அங்கியின் விளிம்பை இடுப்பில் செருகியிருப்பாள், உள்ளே புருஷனுடைய கால்சட்டை. மெக்கானிக்காக இருந்தவன் அவன்தான். முதுகு போய்ப் படுத்த பிறகு பையை இவள் தூக்கிக்கொண்டாள். முதல் வருஷம் சிரித்தவர்கள் இரண்டாம் வருஷம் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். இன்று எங்கள் வாய்க்கால் கரையில் அவளை 'உஸ்தா' என்றுதான் அழைக்கிறோம், கைத்தொழில் தெரிந்த ஆம்பளைகளை அழைப்பது போலவே. வலது கட்டைவிரலில் பேரீச்சங்கொட்டை அளவுக்குக் காய்ப்பு. கைப்பம்பின் நெம்பை அடித்து அடித்து வந்தது.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினான்கு வயதில் அடுத்தவன் பம்புக்குக் கைப்பிடி சுற்றிக் கூலி வாங்கினேன். இன்று இந்தக் கரையில் பதினொரு பம்பு செட்டு என்னுடையது, நெல் மில் ஒன்றும் இருக்கிறது. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. என்னைப் போல் வேலையில் பிடிவாதம் உள்ள ஆளை நான் அதிகம் கண்டதில்லை. இவளைக் கண்டேன், அதனால் எழுதுகிறேன்.

போன ஜூலையில் நடந்தது. எங்களுக்கு வாய்க்காலில் நாலு நாள் தண்ணீர், பிறகு எட்டு நாள் வறட்டுச் சேறு. நாலாவது நாள் சூரியன் இறங்கியதும் மதகுக்காரன் பலகையை இறக்கிவிடுவான். அந்த நாலாவது நாள்தான் பக்கத்து வயல்காரன் தவ்வாபின் முறை. காலையில் தன் எஞ்சினுக்குத் தானே புது டீசல் பில்டர் மாட்டினான். அதற்கப்புறம் எஞ்சின் பிடிக்கவில்லை. உச்சி வெயில் வரை கைப்பிடியைச் சுற்றினான். உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். நட்டுப் பன்னிரண்டு நாளான இரண்டு ஏக்கர் நெல், தரை வெடித்துக் கிடந்தது.

"இன்னைக்கு விட்டா எட்டு நாளு, ஹாஜ்," என்றான், ஹஜ் போய் வந்த என்னிடம். "எட்டு நாள் இது தாங்காது. வருஷம் பூரா என் புள்ளைங்க தின்கிற சோறு இதுதான்."

ஆள் விட்டுக் கூப்பிட்டதும் நஜிய்யா ஆட்டோவில் வந்து இறங்கினாள். சலாம் சொன்ன கையோடு பில்டரைத் தடவிப் பார்த்தாள்.

"எவன் மாட்டினான் இதை?"

"நான்தான், உஸ்தா."

"ரப்பர் வளையத்துல டீசல் தடவினியா?"

"தடவினேன்."

"அப்புறம் சங்கிலி ஸ்பானர் போட்டு இறுக்கினியாக்கும். கையால இறுக்கினாப் போதும் தம்பி. கழுத்தை நெரிச்சு வெச்சிருக்கே, அது என்ன உன் மச்சானா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "டீசல் யாரோடது?"

"என்னோடது. காலைல இவனுக்கு நானே வடிகட்டி ஊத்தினேன். நாப்பது வருஷமா நான் வடிகட்டாத டீசல் எந்த எஞ்சினுக்குள்ளயும் போனதில்ல."

"நல்லது, ஹாஜ்," என்று என் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்து வாய்க்காலில் வீசினாள். என் மகன்கள் செய்யத் துணியாத காரியம்.

திருகைத் தளர்த்திவிட்டு நெம்பை அடிக்க ஆரம்பித்தாள். நுரை நுரையாக வந்தது. "வெளிய வாடா," என்றாள். காற்றோடு எப்போதும் இப்படித்தான் பேசுவாள். "வாடகை குடுக்காம எம்புட்டு நேரம் உள்ள உக்காந்திருப்பே? வா, வா."

வழக்கமாக நாற்பது அடிக்குள் நுரை நின்று டீசல் தெளிவாக வரும். அன்று நூறு அடித்தாள், இருநூறு அடித்தாள். கிளாசைத் தூக்கினால் பால் மாதிரி வெளுப்பாக இருந்தது. நான் சும்மா இருப்பேனா?

"துணியை நனைச்சுக் கொளுத்தி, எஞ்சின் மூச்சு இழுக்கற வாய்ல காட்டு. தன்னால புடிச்சுக்கும்," என்றேன்.

"காட்டலாம். நாலு சுத்து சுத்திட்டு நின்னுடும். அதுக்குள்ள நீங்க சாப்பிடப் போயிடுவீங்க, நானும் போயிடுவேன். இவன் இங்கயே நிப்பான்."

தவ்வாப் நிமிஷத்துக்கு ஒரு தரம் மேற்கே பார்த்தான்.

"சூரியனை நான் பாத்துக்கறேன். நீ ஸ்பானரைப் புடி," என்றாள் நஜிய்யா.

கண்ணை மூடி நெம்பை மெதுவாக இரண்டு தரம் அழுத்தினாள். "இழுக்குது, ஆனா ஒண்ணும் வரல. டேங்க்லேருந்தே வரல. வர வழியில அடைப்பு. டீசல் கிடைக்காம எங்கயோ இடுக்குல காத்தை உறிஞ்சுது," என்றாள். பில்டரை விட்டுவிட்டுப் பின்னோக்கிப் போனாள். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாய் வைத்து ஊதி, துப்பினாள். முதல் குழாய் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். பிற்பகல் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. தவ்வாப் எழுந்து போய் வயலோரம் தொழுதுவிட்டு வந்தான். அவள் அதற்குள் டேங்கின் அடியில் குழாய் சேரும் போல்ட்டுக்கு வந்திருந்தாள். அதன் துளைக்குள் வளைந்த கம்பியை விட்டுத் திருகி இழுத்தாள்.

பழுப்பாக, ஈரமாக, ஒரு கொத்து வந்தது. இரண்டு விரலால் பிடித்து நீட்டினாள். நீண்டுகொண்டே போனது, அறுபடவில்லை.

"பருத்தி. புனல்ல பருத்தி வெச்சது யாரு?"

தவ்வாப் தன் செருப்பைப் பார்த்தான். எனக்குப் பெருமை உண்டு, பொய் கிடையாது.

"நான்தான்," என்றேன். "என் வயல்ல எடுத்தது, முதல் பறிப்பு. அதைவிட சுத்தமான வடிகட்டி எங்க இருக்கு?"

என் எஞ்சின்களில் டேங்க் வாயிலேயே சல்லடை உண்டு, தப்பி விழுந்ததை அது பிடித்துக்கொள்ளும். தவ்வாபின் சல்லடை என்றோ உடைந்துபோனதை நான் பார்க்கவில்லை.

"அதான் கேடு, ஹாஜ். மட்டப் பருத்தியா இருந்தா புனல்லயே கட்டியா நின்னிருக்கும். நம்ம ஊருப் பருத்திக்கு இழை நீளம்ல? ஒண்ணு கையை ஒண்ணு புடிச்சுக்கிட்டு, கல்யாணத்துக்குப் போற மாதிரி வரிசையா உள்ள போயிருக்கு."

அன்று முதல் தரமாகத் தவ்வாப் சிரித்தான். என்னைப் பார்த்துதான் சிரித்தான்; பொறுத்துக்கொண்டேன்.

டேங்கை வடித்துக் கழுவி, என் வீட்டிலிருந்து வேறு கேன் டீசல் கொண்டுவரச் சொல்லி, அடியில் தங்கியதை விட்டு மேல் தெளிவை மட்டும் ஊற்றினாள். குழாய்களைப் பூட்டினாள். முப்பதாவது அடியில் நெம்பு கெட்டிப்பட்டது. கிளாசைத் தூக்கினாள், உதடு கோணவில்லை. வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்கினாள். அடுத்து, எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்பின் திருகு. கடைசியாக, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் குழாய்களின் நட்டு இரண்டையும் தளர்த்தி, தவ்வாபைக் கைப்பிடி சுற்றச் சொன்னாள். துப்பியது, நுரைத்தது, பிறகு டீசல் மட்டும் விட்டு விட்டுப் பீறிட்டது. இறுக்கினாள். "இப்ப சுத்து."

வெள்ளைப் புகை கக்கி எஞ்சின் எழுந்தது. குழாய் வாயில் தண்ணீர் குதித்தது. சூரியன் பனைமர உயரத்தில் நின்றது.

தவ்வாப் மண்வெட்டியோடு வரப்பை நோக்கி ஓடினான். ஐந்து நிமிஷம் எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த நஜிய்யா, கை நீட்டி அதை நிறுத்திவிட்டாள்.

"உஸ்தா! என்ன பண்றே! கொல்லப் பாக்கறியா?"

"கத்தாதே. நான் நிக்கறப்ப ஓடறது வேலை இல்ல. வந்து நீயா தனியா எடு."

திரும்பி ஓடி வந்து இரண்டே சுற்று சுற்றினான். பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவள் ஸ்பானர்களைப் பையில் போட்டாள். பலகை இறங்க இன்னும் நேரம் இருந்தது. முதல் பாத்தியில் தண்ணீர் வெடிப்புகளுக்குள் சளசளவென்று இறங்குவது எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

தவ்வாப் சட்டைப் பைக்குள் கை விட்டான். வேண்டாமென்று தலையசைத்தாள். டீசலில் கறுத்த உள்ளங்கையை என் முன்னால் விரித்தாள்.

அவள் கூலி முன்னூறு பவுண்டு, கரை முழுக்கத் தெரியும். நூறு, இருநூறு, முன்னூறு என்று எண்ணி வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. என் முகத்தையும் அவள் பார்க்கவில்லை, வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பருத்திக்கென்று நான்காவது நூறை எடுத்து வைத்தேன். கை மூடிக்கொண்டது.