கரி அடைத்த வால்வும் ரெண்டு கிலோமீட்டரும்

இன்று சங்ககிரி ரோட்டில் மறுபடியும் கார் இழுக்கவில்லை. பின்னால் வந்த போர்வெல் ரிக் லாரிக்காரர் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தார்.

மெக்கானிக் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் காட்டினார். புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் வால்வு. உள்ளே முழுக்கக் கரி. இந்த வருடம் மூன்றாவது முறை.

"தினம் எவ்வளவு தூரமுங்க ஓட்டறீங்க?"

"ஊட்டுல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும். ரெண்டு கிலோமீட்டருங்க."

"அதானுங்க. இன்ஜின் சூடாகறதுக்குள்ள நிறுத்திப்போடறீங்க. அப்புறம் எதுக்குங்க டீசல் வண்டி?"

திருச்செங்கோட்டுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இங்கே டீசலில் ஓடாததை யாரும் வண்டியாகவே மதிப்பதில்லை.

"புது வால்வு போட்டாலும் இதேதானுங்க. வாரம் ஒருக்கா சேலம் வரைக்கும் வெரட்டி ஓட்டீட்டு வாங்க."

வாராவாரம் போய்ப் பார்க்கச் சேலத்தில் எனக்கு யாரும் இல்லை. இந்த மெயிலிங் லிஸ்ட்டில் சேலத்துக்காரர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிடுங்கள். வால்வுக்காகத்தான்.