தோல் கிடங்கும் ஒரு மண்பாத்தியும்

நான் பிழைக்க வந்திருக்கும் மேற்கு ஜெர்மனியில் காற்று நாறினால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. அதைவிட அதிசயம், அதிகாரிகள் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். நான் பிட்டராக இருக்கும் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நாறும் காற்றை விசிறியால் இழுத்து, ஈரமண்ணும் மக்கிய இலையும் கொட்டிய பெரிய பாத்திக்கு அடியில் விடுகிறார்கள். மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நாற்றத்தைத் தின்றுவிடுகின்றன. மேலே வருவது வெறும் மண்வாசனை. "உங்கள் ஊரில் நாற்றத்தை என்ன செய்வீர்கள்?" என்று மேஸ்திரி கேட்டார். "அதன் பக்கத்தில் எங்களைக் குடிவைப்பார்கள்" என்றேன். வேடிக்கை என்று நினைத்து முதுகில் தட்டிச் சிரித்தார்.

செங்கல்பட்டில் பச்சைத்தோல் கிடங்குக்குப் பின்னால், புறம்போக்கில், என் அக்கா எஸ்தரின் வீடு. வாசலிலேயே நாஸ்தா கடை. காற்று திரும்பினால், வாயில் வைத்த இட்லியை விழுங்க மாட்டாமல் ஆட்கள் எழுந்து போவார்கள். போன வருஷம் நீண்ட லீவில் போனபோது கிடங்கு முதலாளியைக் கெஞ்சி அனுமதி வாங்கினேன். கிடங்கு விசிறிக்குத் தகரக் குழாய் மாட்டி, வேலியோரம் அதேபோல ஒரு பாத்தி போட்டேன். அக்கா தினமும் தண்ணீர் தெளித்தாள். சில வாரங்களில் நாற்றம் அடங்கியது. கடையில் உட்கார இடமில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை.

அந்த நல்ல காற்று ஊர்ப் பிரமுகர் ஒருவரின் மூக்குக்கும் எட்டியது. இத்தனை வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், வெள்ளை வேட்டியில் வந்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.

"இன்னாம்மா, எடம் சோக்கா கீதே! மகாபலிபுரம் பாக்க வர்ற தொரைங்க தங்கறதுக்கு பங்களா கட்டலாம். உனக்குப் பட்டா கீதா? இல்லல்ல? வூட்டைக் காலி பண்ணு."

நாறிய வரைக்கும் எங்களிடம் யாரும் பட்டா கேட்டதில்லை. அவர் தலை மறைந்ததும் அக்கா என்னை முறைத்தாள்.

"ஜெர்மனிக்காரா, எவன்டா உன்ன இந்த வேலை பண்ணச் சொன்னது? மொதல்ல அந்தக் கொழாயப் புடுங்கு!"

பிடுங்கினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுவாரம் அளவெடுக்க ஆட்களோடு வந்த பிரமுகர், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே ஓடினார். "நைனா, ரெண்டு இட்லி துன்னுட்டுப் போ!" என்று அக்கா கூவினாள். கடையில் மறுபடியும் ஈ ஓட்டுகிறாள். ஆனால் அடுப்பு இன்னும் அவள் வீட்டிலேயே எரிகிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பியிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் அறை முழுக்கப் பச்சைத்தோல் நாற்றம். வீட்டுக்கார அம்மாள் பதறி ஜன்னலைத் திறக்க ஓடினாள். "திறக்காதீர்கள்!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அக்காவை இன்னும் யாரும் கிளப்பவில்லை.