துவைக்கிற கல்லைச் சுற்றி

எலவனாசூர்கோட்டைப் பக்கம் கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட வேண்டுமென்றால் பூமாலையைத்தான் கூப்பிடுவார்கள். நாளெல்லாம் ஷீட்டை அறுத்துவிட்டு வீடு திரும்பும்போது மாவு மில்லிலிருந்து வருபவர் போலிருப்பார். அவர் மனைவி அமிர்தம் அந்தச் சட்டையை வாங்கி, வாசலில் நின்று பலமாக உதறிவிட்டுத்தான் துவைக்கப் போடுவாள். எங்கள் தெருவிலேயே அவள்தான் சுத்தக்காரி. உடைந்த ஷீட்டையும் வீணாக்க மாட்டாள். உலக்கையால் நொறுக்கி, சேறாகாமல் இருக்கத் துவைக்கிற கல்லைச் சுற்றிக் கொட்டுவாள். நாங்களும் கேட்டு வாங்கிக் கொட்டினோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மாசி மாதம், விடாத இருமலுக்காகப் பூமாலை கள்ளக்குறிச்சிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தார். ஷீட்டுத் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, இனி அந்த வேலை வேண்டாம் என்றார் டாக்டர். வீட்டில் நொறுக்கிய துண்டு கிடந்தால் கிளறாமல் மூடிவிடவும் சொன்னார். இதைப் பூமாலையே வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லிக்கொண்டே துவைக்கிற கல்லைப் பார்த்தார். பிரசவத்துக்கு வந்து இன்னும் அங்கேயே தங்கியிருந்த மகள் செந்தமிழ்ச்செல்வியின் குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்து, அந்தக் கல்லருகே உட்கார்ந்திருந்தது.

அவ்வளவுதான், மனுஷனுக்கு வெறி பிடித்துவிட்டது. கடப்பாரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். காய்ந்த தரையிலிருந்து வெள்ளைத் தூசி எழும்பி அவர் மேலெல்லாம் படிந்தது. குழந்தை தும்மியது.

அமிர்தம் பாய்ந்து கடப்பாரையைப் பிடித்தாள். "இன்னா பண்ற நீ? கிளறாதன்னுதான டாக்டரு சொன்னாரு."

"புள்ள தவழ்ற எடத்துல இத வுட்டு வெக்கச் சொல்றியா?"

"தூசியக் கெளப்பிக்கினு நிக்கிறியே. வுடு." மகளிடம் திரும்பினாள். "புள்ளயத் தூக்கிக்கினு உள்ள போ. கதவச் சாத்து."

அமிர்தம் குடம் குடமாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, தரை முழுக்க ஊறிய பிறகு, மேலே ஈரமண்ணைப் போட்டு மூடினாள். மறுநாளே கொத்தனாரை வைத்து சிமெண்ட் பூசிவிடலாம் என்றாள். பூமாலை சட்டையைக் கழற்றி நீட்டினார். வாங்கிய கை பழக்கத்தில் உதறப் போய், பாதியில் நின்றது. சட்டையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள்.

"சட்டய வூட்ல யாரு தொவைக்கிறதுன்னு கேட்டாரு டாக்டரு," என்றார் பூமாலை, அவளைப் பார்க்காமல். "உன்னயும் எக்ஸ்ரே படம் எடுக்க இட்டாரச் சொன்னாரு."