நூல் கடிக்கும் பல்

என் தங்கை சொந்தமாகச் சம்பாதித்தவை இவை. ஜன்னல் ஓரத்தில் ஒரு மேஜை. மற்ற எல்லாருக்கும் வலப்பக்கம் இருக்கிற, பல் அராவுகிற மோட்டார் அந்த மேஜையில் மட்டும் இடப்பக்கம். பல்செட் லேப்பின் சாவிகளில் ஒன்று. ‘இதைச் சுண்டுவிடமே கொடுக்கவும்’ என்று எழுதி டாக்டர்கள் அனுப்புகிற பல் அச்சுகள். இடப்பக்கம் பை வைத்த ஒரு மேலங்கி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கையெழுத்து. எதுவும் அவளுக்குச் சும்மா வரவில்லை. வலது கையில் இரண்டு விரல் இல்லாதவளுக்கு யாரும் எதையும் தட்டில் வைத்து நீட்டுவதில்லை.

சுண்டு என்பது வீட்டில் வைத்த பெயர். கடைக்குட்டி, சுண்டுவிரல் மாதிரி இருப்பாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் ஒரு கடையின் இரும்பு ஷட்டர் சரிந்து, அவளுடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோயிற்று. கட்டுப் பிரிப்பதற்குள் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். எனக்குச் சடைகூடப் பின்னிவிட்டாள், கோணலாகத்தான். எழுதுவது மட்டும் ஒட்டவில்லை. இடது கை எழுத்தைப் பார்த்து வகுப்பில் சிரித்தார்கள். பேனாவை மூடி வைத்தவள், பெரியவளான பிறகும் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டைவிரலை மையில் தோய்த்துவிடுவாள்.

பல்செட் செய்கிற லேப்பில் அவள் சேர்ந்தது பிளாஸ்டர் கிண்ணம் கழுவத்தான். “கழுவுறவ பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே அக்கா” என்பாள். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். மிச்ச மெழுகை வீட்டுக்குக் கொண்டுவந்து கடைவாய்ப்பல் செதுக்கி, என் சோப்புப் பெட்டியில் போட்டு வைப்பாள். விருந்தாளி ஒருவர் கை கழுவப் போய் அந்தப் பெட்டியைத் திறந்து அலறியது தனிக்கதை.

பிறகு முதலாளியே அவளிடம் வேலை கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. முடிந்து போகிற ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சீட்டு இருக்கும். செய்தவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். சுண்டு செய்ததற்கெல்லாம் முதலாளி தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“டாக்டருங்க யாரு இதுன்னு கேப்பாங்க சுண்டு. விரல் விஷயம் வெளிய வரும். எதுக்கு வம்பு?”

“அவங்க என் விரலையா வாயில மாட்டப் போறாங்க, சார்?”

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். “சரி. ஒரு வேலைய முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நீயே பண்ணு. நான் தொட மாட்டேன். அது திரும்பி வரலைன்னா சீட்டுல நீ போடு. அப்புறம் எல்லாத்துலயும் நீயே போட்டுக்கோ.”

அதற்குப் பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்த முதல் வேலை, தையல்காரம்மாவின் மேல்வரிசைப் பல்செட்.

எழுபதைத் தாண்டியவர். இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருப்பவர். கழுத்தில் அளவு டேப்பும் வாயை மறைத்த கைக்குட்டையுமாக வந்தார். பேசினால் பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. மேஜையில் அவர் வைத்த பல்செட் நடுவில் இரண்டாகப் பிளந்து, கோணலாக ஒட்டியிருந்தது.

“யாரும்மா ஒட்டினது?” என்று கேட்டாள் சுண்டு.

“நான்தான். ஒட்டிக்கிச்சு, வாய்க்குள்ள போக மாட்டேங்குது.”

“அம்மா, இது செருப்புக்குப் போடுற பசை!”

“செருப்பு நல்லாத்தானே இருக்கு?”

லேப் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் மொத்தமும் எங்கிட்ட கிடக்கு. பல்லு இல்லாம நான் மெஷின்ல உக்கார முடியாது.”

“மெஷினக் கால்ல தானேம்மா மிதிக்கிறீங்க?” என்றார் முதலாளி. அதற்கும் ஒரு சிரிப்பு. தையல்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பல்லுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று சுண்டுவும் கேட்கவில்லை.

ஒட்டியதைப் பிரிப்பதுதான் பெரிய பாடு. பசையை மட்டும் சுரண்ட வேண்டும், உடைந்த விளிம்பில் கீறல் விழக் கூடாது. விளிம்பு மழுங்கினால் இரண்டு பாதியும் ஒன்றையொன்று அடையாளம் காணாது என்பாள். வலது கையில் மிச்சமிருக்கிற விரல்கள் இடுக்கி மாதிரி பிடித்துக்கொள்ள, இடது கை சுரண்டியது. இரண்டு பாதியும் அசையாமல் உட்கார்ந்ததும், மேலே குறுக்காகக் குச்சி வைத்து மெழுகால் பிடிப்புக் கொடுத்தாள். உள்பக்கம் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்த பிறகு உடைந்த கோட்டை மோட்டாரால் அகலப்படுத்தினாள். அதில் பொடியை இறுக்குகிற திரவத்தைத் தொட்டு, ஈறு மாதிரி ரோஸ் நிறப் பொடியைத் தூவி, மறுபடி திரவம், மறுபடி பொடி என்று நிரப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் அழுத்தம் கொடுத்து இறுக வைத்தாள். எமரித் தாள் போட்டுப் பாலீஷ் பண்ணி முடித்தபோது, உடைந்த இடம் எங்கே என்று முதலாளி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கித் தேடினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். முன்பல் ஒன்றின் நுனியில் சின்னதாக ஒரு பள்ளம் அவள் கண்ணில் பட்டது. தேய்ந்துபோயிருக்கிறது, பாவம், இதையும் சரிபண்ணிக் கொடுப்போம் என்று பல் நிறப் பொடியைக் குழைத்து அதை அடைத்துவிட்டாள். செட் போயிற்று. சீட்டு மட்டும் போகவில்லை. கையெழுத்து இடம் காலியாக, முதலாளியின் மேஜைக்கு மேலே குண்டூசியில் தொங்கிற்று. சுண்டு வீட்டில் மெழுகுப் பலகையில் தன் பெயரைச் செதுக்கிப் பழக ஆரம்பித்தாள். பேனாவைவிட கத்திதான் அவளுக்குச் சொன்னபடி கேட்டது.

மறுநாளே தையல்காரம்மா வந்து நின்றார். “என் பல்லக் குடுங்க.”

“வாயிலதானேம்மா இருக்கு?” என்றாள் சுண்டு.

“இது என் பல்லு இல்ல. என் பல்லுல நூல் நிக்கும்.” டேப்போடு தொங்கிய நூலை எடுத்துப் பல்லில் வைத்து வெடுக்கென்று இழுத்தார். நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. “பாத்தீங்களா? ஒரு பட்டன் தைக்க ஒரு யுகம் ஆகுது.”

“கத்தரிக்கோல் வாங்கிக்கக் கூடாதா?” என்றார் முதலாளி.

“கத்தரிக்கோல் கடையே வெச்சிருக்கேன். தேடும்போது ஒண்ணாவது கையில அகப்பட்டிருக்கா?”

முதலாளி சுண்டுவைத் திரும்பிப் பார்த்தார். “திரும்பி வந்துடுச்சே. பேச்சுன்னா பேச்சுதான்.”

“வேலை திரும்பி வரலை சார், வேலை இன்னும் முடியலை. அந்தப் பள்ளத்தக் கேக்காம அடைச்சது என் தப்பு. நானே எடுத்துக் குடுக்கிறேன். அது வரைக்கும் சீட்டு அங்கேயே இருக்கட்டும்.”

“நூலைக் கடிச்சுக் கடிச்சுத்தான் உடைச்சிருக்காங்க. கடிக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பு.”

“சொல்லலாம். அவங்க கேப்பாங்களா?”

“மாட்டேன்” என்றார் தையல்காரம்மா, யாரும் அவரைக் கேட்காமலே.

அன்றைக்குச் சாயங்காலம் சுண்டு அந்த மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். நானும் கூடப் போனேன். இடுப்பளவு குவிந்த சட்டைகளுக்கு நடுவே அந்த அம்மா பட்டன் தைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஊசி இழுக்கும், முடிச்சு விழும், தலை ஒரு பக்கம் சாயும், நூல் பல்லுக்குப் போகும். எப்போதும் அதே பல், எப்போதும் இடப்பக்கமாக ஒரு இழுப்பு.

“என்னடி பொண்ணே, சினிமாவா ஓடுது?”

“இன்னொரு தடவ கடிங்கம்மா. பல்லு அசையுதான்னு பாக்கணும்.”

வரும்போது சுண்டு வழியெல்லாம் தன் இடது கட்டைவிரலை ஒரு பக்கமாக வளைத்து வளைத்துப் பார்த்தபடி நடந்தாள். “ஒரே பக்கம் இழுக்குறாங்க அக்கா. அதான் நடுவுல பிளந்திருக்கு. ஒட்டினா மட்டும் போதாது, உள்ள எலும்பு வைக்கணும்.”

மறுநாள் செட்டை வாங்கி வந்து, அண்ணப் பக்கம் குறுக்காக வாய்க்கால் வெட்டி, முறுக்கிய கம்பியை உள்ளே படுக்க வைத்து, மேலே ரோஸ் நிறம் போட்டு மூடினாள். பிறகு சின்ன அரத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிப்படிக்குக் கீழே போனாள். பல்லைக் கொஞ்சம் அராவுவாள். தையல்காரம்மா மாட்டிக்கொண்டு நூல் கடிப்பார். “வழுக்குது.” கழற்றிக் கொடுப்பார். இன்னும் கொஞ்சம். “நிக்குது, ஆனா அறுபடலை.” இன்னும் கொஞ்சம், இப்போது சாய்வாக. டக்கென்று ஒரு சத்தம். “ஆங்! வந்துட்டா என் மகராசி” என்றார். சொன்னது சுண்டுவையா பல்லையா தெரியவில்லை.

யூனிஃபார்மெல்லாம் தைத்து முடிந்து, பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போக ஆரம்பித்தார்கள். சீட்டு குண்டூசியிலேயே இருந்தது. முதலாளி போகும்போதும் வரும்போதும் அதைப் பார்ப்பார். பிறகு ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரம்மா வந்தார். முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார். “மறுபடியுமா?”

“பயப்படாதீங்க. பல்லு பல்லாத்தான் இருக்கு.” ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கெட்டித் துணியில் ஒரு மேலங்கி. “வேலை செஞ்சவளுக்குத் தைச்சேன். பைய இடப்பக்கம் வெச்சிருக்கேன். இத்தன நாளு வலப்பக்கப் பையில கைய விட்டு அவஸ்தப்பட்டிருக்கா, யாரு கண்ணுலயாவது பட்டுச்சா?”

மடிப்பில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பேச்சை நிறுத்தாமலே குனிந்து, பல்லில் வைத்து, இடப்பக்கம் ஒரு இழுப்பு. டக்.

முதலாளி எழுந்தார். குண்டூசியைப் பிடுங்கிச் சீட்டைச் சுண்டு முன்னால் வைத்துத் தன் பேனாவையும் வைத்தார். “தேதியும் போடு” என்றார். மை டப்பாவைத் தேடிய கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, அவள் இடது கையால் பேனாவைக் கத்தி பிடிப்பது போலப் பிடித்தாள். சுண்டு என்று எழுதவில்லை. முழுப் பெயரையும் எழுதினாள், ஒரு கொம்பும் ஒரு புள்ளியும் விடாமல். அதற்குக் கீழே தேதி: 1998 நவம்பர் 19, வியாழக்கிழமை.