வசந்தி பூண்டு நட்ட ஞாயிற்றுக்கிழமை

ஒக்டோபர் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு டொரொண்டோவில் பஸ் ஏறினேன். மொன்றியல் ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். வழியெல்லாம் மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. அங்கே இருக்கும் தம்பி ரவியும் அவன் மனைவி வசந்தியும் நவம்பரில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவருவதாகப் பேச்சு. ரவிக்கு டொரொண்டோவில் வேலை கிடைத்திருந்தது. திங்கள் பதில் சொல்லவேண்டும். சாமான் கட்ட உதவுவது என் சாட்டு. அவர்கள் மனம் மாறுமுன் கூட்டிவந்துவிட வேண்டுமென்ற அவசரமே உண்மை.

பிற்பகல் இறங்கியதும் ரவி பழைய துறைமுகப் பக்கம் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான்.

"வீடு முழுக்கப் பெட்டி, அக்கா. அங்கை பிறகு போவம்."

கண்ணாடிக்குள் கருகிய சோளமணிகள், அகன்ற மண்பானைகள். இப்பகுதிப் பழங்குடிகள் சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிட்டு, நீண்ட வீடுகளில் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள். வேட்டையாடுகிறவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். விதைத்தவர் விளையும்வரை காத்திருக்கவேண்டும். விளைந்ததைப் பனிக்காலத்துக்குச் சேர்த்துவைத்தால், அதை விட்டுப் போகவும் மனம் வராது. மண் களைத்த பிறகுதான் ஊர் மாற்றினார்களாம். அந்தப் பானைகளை யார் சுமப்பது என்று நானும் ரவியும் சிரித்தோம்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஜான்-டலோன் சந்தை. வசந்தி பிரெஞ்சில் கதைத்து ஆறு முழுப் பூண்டு வாங்கினாள். குழம்புக்கென்று நினைத்தேன். அவளோ நேரே, நகரசபை கொடுத்த தோட்டத் துண்டுக்கு நடந்தாள். வழிநெடுகப் பலர் அவளுக்கு 'போன்ஜூர்' சொன்னார்கள். அவள் குந்தியிருந்து, பல் பல்லாகப் பிரித்து மண்ணில் ஊன்றத் தொடங்கினாள்.

"இப்ப நட்டா எப்ப கிண்டுறது?" என்றான் ரவி.

"ஜூலையில."

"நாங்கள் நவம்பரில போறம் எல்லே?"

வசந்தி நிமிரவில்லை. "அஞ்சு வீடு மாறிட்டம். ஒண்டிலயும் ஒரு செடி வைக்கேல்லை. இந்தத் துண்டுக்கு மூண்டு வருசம் காத்திருந்தனான். எனக்கு இந்த ஊரை விட்டு வர விருப்பமில்லை."

ரவி என்னைப் பார்த்தான். கூட்டிப்போக வந்தவள் நான். ஆனால் ஈரமண் அப்பிய கையோடு அவள் இருந்த இருப்பைப் பார்த்தபின், வா என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் குந்தினேன்.

"எவ்வளவு ஆழம் வைக்கோணும், வசந்தி?"

அவள் சிரித்துவிட்டாள். ரவியும் சட்டைக்கையை மடித்தான். "டொரொண்டோ வேலைக்கு வரேல்லை எண்டு நாளைக்கு அவையளிட்டைச் சொல்லிவிடுறன்." பக்கத்துத் துண்டுக்காரி, மேலே மூடுவதற்கு வைக்கோல் கொண்டுவந்து தந்தாள். மாலையில் மூவருமாய்ப் பெட்டிகளை அவிழ்த்துச் சட்டிபானைகளைத் திரும்ப அடுக்கினோம்.

திங்கள் காலை தனியாகத்தான் பஸ் ஏறினேன், வருத்தமில்லை. டொரொண்டோவில் ஒரே மாடியில் இருபது வருடம் இருக்கிறேன். அடுத்த வீட்டில் யாரென்று தெரியாது. அன்று போய் இறங்கியதும், முதல் வேலையாக அந்தக் கதவைத் தட்டினேன்.