பால் வெட்டுகிறவள் ஒட்டிய பட்டாள மோட்டார் சைக்கிள்

என் வீட்டுக்காரருக்கு எதையும் ஆரம்பிப்பதில் இருக்கிற சுறுசுறுப்பு முடிப்பதில் கிடையாது. அவர் அவிசாவளையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்க்கிறார். பெட்டி நசுங்கி யாரும் வாங்காமல் கிடக்கும் சாமானையெல்லாம் முதலாளி இவர் தலையில் கட்டிவிடுவார். இவரும் பரிசு கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டு பஸ்ஸில் தூக்கி வருவார். எல்லாம் ஒட்டிச் செய்கிற பொம்மைகள். பிளாஸ்டிக் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பசை போட்டு, வர்ணம் பூசினால் கப்பலோ விமானமோ வரும் என்று பெட்டியில் படம் போட்டிருக்கும். எங்கள் அலமாரியில் வந்தது வேறு. ஒற்றை இறக்கையோடு ஒரு விமானம், மேல்தட்டு இல்லாத ஒரு கப்பல், சக்கரம் வைக்காத ஒரு டாங்கி. கேட்டால், "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு" என்பார். மூன்று வருஷமாக அந்தக் கொஞ்சம் அப்படியேதான் இருக்கிறது.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. கடைக்கும் லீவு, தோட்டத்துக்கும் லீவு. காலையிலிருந்து மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிளேன்டீயும் இரண்டு தடவை ஆகிவிட்டது. நான் எழுந்து போய் அலமாரியில் பிரிக்காமல் இருந்த ஒரே பெட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

"இத நான் ஒட்டப் போறேன். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிக் காட்டுறேன்" என்றேன்.

அவர் வாயில் இருந்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "நீயா? ஏ புள்ள, அது மோட்டார் சைக்கிள். உள்ள அறுவது எழுவது துண்டு இருக்கும். எனக்கே ஒரு மாசம் புடிக்கும்."

"ஒங்களுக்கு ஒரு மாசத்துல முடிஞ்சது என்னான்னு சொல்லுங்க பாப்போம்."

அவர் அலமாரிப் பக்கம் பார்த்தார், பிறகு மழையைப் பார்த்தார்.

வாய்ச்சவடால் அடித்துவிட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பயம். அந்தப் பயம் பொம்மையைப் பற்றியது இல்லை. நான் தெஹியோவிட்டப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருஷமாகப் பால் வெட்டுகிறேன். மூன்று மாசத்துக்கு முன்னால் வழுக்குப் பாதையில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்து ஐந்து வாரம் ஆகியும் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உளுந்து பொறுக்கினால் கல்லை விட்டுவிட்டு உளுந்தை எடுக்கின்றன. மறுநாள் காலை கணக்கப்பிள்ளை ஐயா முன்னால் நான் பத்து மரம் வெட்டிக் காட்ட வேண்டும். ஒரு மரத்தில் காயம் பட்டாலும் கத்தியை வாங்கிக்கொண்டு புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவார். புல் வெட்டுவது கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் பால் வெட்டுகிறவள். அந்த ஒரு வேலையில்தான் என்னை யாரும் குறை சொன்னது கிடையாது.

விரல் மரத்துக் கிடப்பதை இவரிடம் நான் சொல்லவில்லை. "எல்லாம் சரியாப் போச்சி" என்று அடித்துவிட்டிருந்தேன். அதனால் அன்றைய நாளை எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சையாக ஆக்கிக்கொண்டேன். இந்தத் துண்டுகளை என் கை வெட்டி ஒட்டிவிட்டால் நாளைக்கு மரத்தையும் வெட்டும் என்று நினைத்தேன்.

பெட்டியின் மேல் படத்தில் இரும்புத் தொப்பி போட்ட ஒரு சிப்பாய் சேற்றில் பறந்துகொண்டிருந்தான். உள்ளே சிப்பாயைக் காணோம், வண்டி மட்டும்தான். அதுவும் முடித்தால் என் நடுவிரல் நீளத்துக்கு மேல் வராது. பச்சைப் பிளாஸ்டிக் சட்டத்தில் துண்டுகள் காம்போடு ஒட்டியிருந்தன. சக்கரத்துக்குக் கம்பி, எஞ்சினுக்கு இரண்டு பாதி, சாமான் பை, எறும்பின் கால் போல ஒரு பிரேக் பிடி. போருக்குப் போகிற வண்டிக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று கேட்டேன். ஓட்டுகிறவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்றார் அவர். அதற்குப் பதிலாக எங்கள் அவிசாவளை பஸ்ஸை ஒருவன் செய்தால் மிதிபலகையில் தொங்குகிறவர்களுக்கே தனிப் பெட்டி வேண்டியிருக்கும்.

அவருடைய சின்னக் கத்தியை எடுத்தேன். அதைப் பேனா பிடிக்கிற மாதிரி பிடித்துத் தள்ளி வெட்ட வேண்டுமாம். தள்ளி வெட்டினால் என் விரல் நடுங்கியது. இரண்டு தடவை கத்தி நழுவி மேசையில் குத்தியது. அவர் பார்க்காத நேரம் சட்டத்தைத் திருப்பி வைத்து, மரத்தில் இழுக்கிற மாதிரி, இடது மேலிருந்து வலது கீழாக என் பக்கம் இழுத்தேன். துண்டு கழன்று வந்தது. அடுத்ததும் வந்தது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். மழைச் சத்தம், கத்திச் சத்தம், பக்கத்து லயத்து வீட்டு ரேடியோவில் புத்த பிக்கு பண ஓதுகிற சத்தம். நேரம் போனதே தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு எல்லாத் துண்டும் தட்டில் கிடந்தது. அவர் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்துக் கொண்டு வந்தார். அன்றைக்குச் சமையல் அவர் தலையில் விழுந்ததே எனக்குப் பாதி வெற்றி.

சாப்பிட்டுவிட்டு ஒட்ட ஆரம்பித்தேன். அங்கேதான் வந்தது வினை.

எஞ்சினின் இரண்டு பாதியும் சேரவில்லை. நடுவில் இடைவெளி தெரிந்தது. அமுக்கினேன், மூடவில்லை. சக்கரம் அச்சில் ஏறவில்லை. சாமான் பை வண்டியோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு துண்டு கூட இடத்தில் உட்கார மாட்டேன் என்றது.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஐயோ, எல்லாத்துலயும் இத்துனூண்டு மிச்சம் வச்சி வெட்டியிருக்கியே. காம்ப ஒட்ட நறுக்கணும்ல? கை வரல்லயா?"

எனக்கு வந்ததே கோபம். தட்டை அவர் பக்கம் தள்ளினேன். இரண்டு துண்டு கீழே விழுந்தது.

"ஆமா, கை வரல்ல! வெரலு செத்துப் போச்சி! நாளைக்கி அந்த ஐயா முன்னுக்கு மரத்தக் கொத்தி வச்சிட்டு வந்து நிக்கப் போறேன், அப்ப சிரிங்க!"

சொன்ன பிறகு அழுகை வந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட அன்று கூட நான் அழவில்லை. என் கை போய்விட்டது, பதினாறு வருஷம் போய்விட்டது என்றுதான் அந்த நிமிஷம் நம்பினேன்.

அவருக்குச் சமாதானம் சொல்ல வராது. குனிந்து கீழே விழுந்த துண்டுகளைத் தேடி எடுத்தார். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகப் பார்க்கத் தொடங்கினார். பார்த்துப் பார்த்து மேசையில் வரிசையாக அடுக்கினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மனுஷி அழுகிறாள், இவர் பொம்மை அடுக்குகிறார்.

"இங்க வா. இதப் பாரு" என்றார்.

"எனக்கு வேணாம்."

"வா புள்ள."

கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் மிச்சம் நின்றது. எஞ்சினில், சக்கரத்தில், எறும்புக்கால் பிரேக் பிடியில் கூட. எல்லாமே ஒரே அளவு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கை வரல்லன்னா ஒன்னு பெருசு ஒன்னு சிறுசுன்னுல்ல இருக்கும்?" என்றார். "அறுவத்தி மூனு துண்டுலயும் ஒரே மாதிரி எப்பிடி வச்ச?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால் வெட்டும்போது பட்டையை அடி வரைக்கும் வெட்டக் கூடாது. கத்தி உள்ளே இருக்கிற கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முடிச்சு விழுந்து பிறகு பாலே தராது. அதனால் கட்டைக்கு மேல் ஒரு நூல் கனத்துக்குப் பட்டையை விட்டுத்தான் இழுப்போம். அந்த ஒரு நூலை விடத் தெரிந்தவர்களைத்தான் பால் வெட்ட வைப்பார்கள். பிளாஸ்டிக்கைக் கண்டதும் என் கை மரம் என்று நினைத்துக்கொண்டு அறுபத்து மூன்று தடவையும் அதே நூலை விட்டு வைத்திருக்கிறது. மூளை பயந்துகொண்டிருந்த நேரத்தில் கை அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

"பிளாஸ்டிக்குக்குக் காயம் படாது. பயப்படாம நறுக்கு" என்றார்.

மறுபடியும் எல்லாவற்றையும் நறுக்க ஒரு மணி நேரம் ஆனது. ஒட்ட நறுக்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் எதையோ குத்துகிற மாதிரி உடம்பு கூசியது. பிறகு எஞ்சின் மூடியது, சக்கரம் ஏறியது. பிரேக் பிடி என் விரலிலிருந்து தெறித்து எங்கேயோ போய்விட்டது. விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கைச் சீவி அந்த இடத்தில் ஒட்டினேன். பச்சை வர்ணத்தை அவர்தான் கலந்து தந்தார், பூசியது நான். ஐந்தரைக்கு வண்டி தன் காலில் நின்றது. கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்த மாதிரி இருந்தது. மழையில் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை மழை இல்லை. கணக்கப்பிள்ளை ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதல் மரத்தில் கத்தியை வைத்தபோது பெருவிரலில் உணர்ச்சி இல்லை. இருக்கட்டும் என்று இழுத்தேன். பட்டைச் சீவல் சுருண்டு விழுந்தது, பால் கோடு பிடித்து இறங்கியது. அவர் குனிந்து வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டாவது, மூன்றாவது மரத்திலும் அப்படியே செய்தார். ஐந்தாவது மரத்தில் குனியவில்லை. ஏழாவதில் பார்க்கவே இல்லை.

"மிச்சத்தையும் வெட்டிட்டு வா. வெயில் ஏறுனா பால் நின்னுரும்" என்று சொல்லிவிட்டு, நடந்து போனார்.

அவர் வளைவைத் தாண்டும் வரை பொறுத்திருந்தேன். பிறகு கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையை விரித்து, ஒரு முத்தம் கொடுத்தேன். வாயெல்லாம் ரப்பர் பால் கசந்தது.